டெங்கு வந்து போனது தெரியாதவர்கள்



தட்டம்மை வந்து தேறிய பிள்ளைக்கு இனி ஆயுசுக்கும் அது வராது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் பிழையில்லை. ஒருமுறை உள்ளே வந்த கிருமியை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது; மறுமுறை வந்தால் தலையெடுக்கும் முன்பே மடக்கிவிடுகிறது. நோயின் துன்பம் இல்லாமல் அந்த நினைவை உண்டாக்கப் பார்ப்பதுதான் தடுப்பூசி. டெங்குவில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். இரண்டாம் முறை வருவது முதல்முறையைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் ஏறக்குறையத் தெரிந்துவிட்ட செய்தி இது. இதிலிருந்து பலர் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள்: டெங்குவைப் பற்றி உடல் வைத்திருக்கும் நினைவு உதவாத நினைவு, ஆளையே கவிழ்க்கும் நினைவு என்று. அந்த முடிவு பாதிகூடச் சரியில்லை என்பதே என் வாதம்.

முதலில் சில எண்கள். சென்னையில் ரத்தம் எடுத்துப் பரிசோதித்து 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கலந்துகொண்டவர்களில் 93 விழுக்காட்டினரின் ரத்தத்தில் டெங்குவுக்கான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருந்தது. அதுவரை டெங்கு தொற்றாதவர்களில் ஆண்டுக்குச் சுமார் 23 விழுக்காட்டினருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. பிறகு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் தலைமையில் 2017-18-இல் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 12,300 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் இருந்தவர்கள் நாடு முழுவதும் 48.7 விழுக்காடு, தென் மாநிலங்களில் 76.9, வடகிழக்கில் வெறும் 5. உலகக் கணக்கு இன்னும் பெரிது. 2013-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 39 கோடிப் பேருக்கு டெங்கு தொற்றுகிறது. அவர்களில் காய்ச்சலாகவோ வேறு விதமாகவோ அதை உணர்கிறவர்கள் 9 கோடியே 60 லட்சம். மீதி ஏறத்தாழ முப்பது கோடிப் பேருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் பேசப்போவது இவர்களைப் பற்றி. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இருக்காது. சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கையிலும் ஏறமாட்டார்கள். ஆனால் டெங்குவை வெல்லும் வழி எழுதப்பட்டிருப்பது இவர்கள் ரத்தத்தில்தான். நாமோ நெடுங்காலமாக நோயாளியின் கட்டிலருகே நின்றபடி மட்டுமே இந்தக் கிருமியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெங்கு வைரஸ் ஒன்றல்ல, நான்கு. ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்டு அழைக்கிறார்கள். நான்கும் உடன்பிறந்தவை, ஆனால் அச்சு அசலாக ஒன்றுபோல இல்லை. இவற்றுக்கிடையே உடலின் நினைவு எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் சோதித்தவர் ஆல்பர்ட் சேபின். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தால் உலகப் பெயர் பெற்றவர் அவரே. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினர் டெங்குவால் கொத்துக்கொத்தாகப் படுத்ததால் இந்த வேலை அவரிடம் வந்தது. தாமாக முன்வந்தவர்களுக்கு வைரஸை ஏற்றி, சில மாதம் கழித்து மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். இன்றைய மருத்துவ அறக்குழு எதுவும் எளிதில் கையெழுத்திடாத சோதனைகள் அவை. முதலில் வந்த அதே வகை மீண்டும் ஏற்றப்பட்டபோது, ஒன்றரை ஆண்டு கழித்தும் யாரும் நோயுறவில்லை. வேறு வகையை இரண்டு மாதத்துக்குள் ஏற்றினால் அப்போதும் பாதுகாப்பு இருந்தது. இடைவெளி அதற்கு மேல் நீண்டால் பாதுகாப்பு தேய்ந்து, லேசான காய்ச்சல் எட்டிப்பார்த்தது. வந்த வகைக்கு நீண்டகாலக் காப்பு, மற்ற மூன்றுக்கும் கொஞ்சகாலக் காப்பு. 1952 வாக்கில் அவர் எழுதிவைத்த இந்த விதி இன்றும் பெரிதாக மாறவில்லை. நினைவு நீடித்து நிற்கிறது என்பதற்கு இன்னொரு சான்று கிரேக்கம். 1927-28-இல் ஏதென்ஸ் நகரையே படுக்கவைத்த பெரும் டெங்குவை அனுபவித்த தலைமுறையின் முதியவர்களிடம், பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் எதிர்ப்பொருள் இருந்தது. ஆகவே டெங்குவை உடல் மறந்துவிடுகிறது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு ஏன் இரண்டாம் முறை ஆபத்து? 1960-களின் தொடக்கத்தில் பாங்காக் மருத்துவமனைகளில் குழந்தைகள் ரத்தக்கசிவோடும் அதிர்ச்சிநிலையோடும் வந்து விழுந்தபோது, அங்கே பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு விநோதத்தைக் கவனித்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகள். மற்றொன்று, ஒரு வயதுகூட நிரம்பாமல் முதல்முறை தொற்றிய கைக்குழந்தைகள். மேலோட்டமாகப் பார்த்தால் இவர்களுக்குள் ஒற்றுமையே இல்லை. ஆனால் அந்தக் கைக்குழந்தைகளின் தாய்மார்களுக்கு முன்பே டெங்கு வந்திருந்தது. தாயின் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் வந்திருந்தது. பிறந்த சில மாதம் அது நிறைய இருக்கும்போது குழந்தைக்குக் காவல். ஆறு, எட்டு மாதத்தில் அது கரைந்து அரைகுறையாக மிஞ்சும்போதுதான் நோய் பாய்கிறது. இரு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது எதிர்ப்பொருள். அதிலும் போதாத எதிர்ப்பொருள். வைரஸை முழுக்க முடக்கும் அளவுக்கு ஒட்டாமல் அரைகுறையாக ஒட்டினால், சில வெள்ளணுக்கள் அந்த எதிர்ப்பொருளின் வாலைப் பிடித்து வைரஸையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வைரஸ் பெருகுவதும் அதே வெள்ளணுக்களுக்குள்தான். காவலாளே கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. இந்த விளக்கத்தை ஏற்காதவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். அவர்கள் கேள்விகளால்தான் அது கூர்மைப்பட்டது என்றும் சொல்ல வேண்டும்.

கியூபா இதற்கு ஒரு தீவளவு பெரிய சோதனைக்கூடமாக அமைந்துவிட்டது. 1977-இல் முதல் வகை டெங்கு அங்கே புகுந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்றியது. காய்ச்சல் பெரும்பாலும் லேசு. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. பதிவானவர்கள் 3,44,203 பேர், இறந்தவர்கள் 158 பேர், அவர்களில் 101 பேர் குழந்தைகள். முதல் அலை ஓய்ந்த பிறகு பிறந்து, ஒன்றிரண்டு வயதில் இருந்த பிள்ளைகளிடம் கடுமையான நோய் அநேகமாக இல்லை. பழைய அலையைப் பார்த்திராதவர்களைப் புதிய அலை கடுமையாகத் தொடவில்லை. இதுவரை ஹால்ஸ்டெட் சொன்னபடியே இருக்கிறது. என்னைக் கவர்வது அடுத்த அத்தியாயம். 1997-இல் சாந்தியாகோ தெ கியூபா நகரில் இரண்டாம் வகை மறுபடி வந்தது. இம்முறை இறந்த 12 பேரும் பெரியவர்கள். 1977 அலையின் நினைவைச் சுமந்தபடி இருபது ஆண்டுகள் ஆரோக்கியமாக நடமாடியவர்கள். 1981-இல் நான்கு ஆண்டு இடைவெளியில் இதே இரண்டாம் வகையைச் சந்தித்த பெரியவர்களோடு ஒப்பிட்டால், இருபது ஆண்டு இடைவெளியில் சந்தித்தவர்களின் இறப்பு விகிதம் பல மடங்கு. ஏன் என்று தேடியவர்கள், முதல் வகை மட்டும் வந்தவர்களின் ரத்தத்தைச் சில ஆண்டுகள் கழித்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் ஒப்பிட்டார்கள். முதல் வகையை முடக்கும் ஆற்றல் காலப்போக்கில் கூடியிருந்தது; இரண்டாம் வகையை முடக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றிய அந்த ஆண்டுகளில் நினைவு தன்னைத் தானே தீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தீட்டத் தீட்ட அதன் முனை ஒரே பக்கமாகக் கூராகிவிட்டது.

இதைப் படிக்கும் ஒருவர், ‘நீங்களே உங்கள் வாதத்துக்குக் குழி தோண்டுகிறீர்களே, நினைவுதான் கொல்கிறது என்று கியூபாவே சொல்கிறதே’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை நிகராகுவாவிலிருந்து வந்தது. மனாகுவா நகரில் 2004 முதல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்து, காய்ச்சல் வருவதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டே போனார்கள். இந்த ‘முன்பே’ என்பதில்தான் அந்த ஆய்வின் மதிப்பு முழுவதும் இருக்கிறது. நோய் வந்தபின் எடுத்த ரத்தத்தில் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. எதிர்ப்பொருளை அளக்கும் முறை எளிது. ரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தப் படி வரை அது வைரஸை அடையாளம் காண்கிறது என்று பார்ப்பார்கள். நிறைய நீர்த்தும் வேலை செய்தால் எதிர்ப்பொருள் நிறைய என்று பொருள். கேட்சல்னிக், ஈவா ஹாரிஸ் ஆகியோரின் குழு 2017-இல் வெளியிட்ட முடிவு இது: 21 முதல் 80 மடங்கு வரை நீர்த்தால் மட்டுமே தாக்குப்பிடிக்கும் நடுத்தர அளவு எதிர்ப்பொருள் கொண்ட பிள்ளைகளுக்கு, எதிர்ப்பொருளே இல்லாத பிள்ளைகளைவிடக் கடுமையான டெங்குவின் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல். அளவு அதற்கு மேலே ஏற ஏற ஆபத்து இறங்கியது; மிக அதிகமாக இருந்தவர்களிடம் அறிகுறியோடு வரும் டெங்குவே குறைந்தது. அதாவது நினைவு கொல்கிறது என்பதும் உண்மை, நினைவு காக்கிறது என்பதும் உண்மை. இரண்டுக்கும் இடையே இருப்பது அளவு. தாய்லாந்துப் பதிவுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. அங்கே மருத்துவமனைக்கு வரும் கடுமையான டெங்குவில் மூன்றாவது, நான்காவது தொற்றால் வருவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு வகையைக் கடந்தவர் பெரும்பாலும் கரையேறிவிடுகிறார். டெங்கு நிறைந்த ஊரில் நாற்பது வயதில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடுகிறவர் பலரும் இப்படிக் கரையேறியவர்கள்தான்.

இதுவரை எதிர்ப்பொருளை மட்டுமே பேசினேன். டெங்குவைப் பற்றிய விவாதமே அரை நூற்றாண்டு எதிர்ப்பொருளைச் சுற்றித்தான் நடந்தது. அளப்பதற்கு எளிது என்பது அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உடலின் நினைவுக்கு இன்னொரு பாதி உண்டு. அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அங்குள்ள தேசிய ரத்த வங்கியில் ரத்ததானம் செய்கிறவர்கள் சாதாரண ஆரோக்கியமான பெரியவர்கள்; கொழும்போ நான்கு வகை டெங்குவும் சுழன்று வந்த ஊர். தானம் வந்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும்போது, சிவப்பணுவுக்கும் மேலே நிற்கும் தெளிநீருக்கும் நடுவே வெள்ளணுக்கள் மெல்லிய வெண்படலமாகத் தங்கும். நோயாளிக்கு ஏற்ற அது தேவைப்படாது. கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள அலெசாண்ட்ரோ செத்தேயின் குழுவினர், இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து, பெயர் நீக்கிய அந்தப் படலங்களைக் கேட்டு வாங்கினார்கள். டெங்குவின் புரதங்களை ஒன்பது, பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகளாக உண்டாக்கி, சிறுசிறு குழிகள் கொண்ட தட்டில் வெள்ளணுக்களோடு சேர்த்து வைத்தார்கள். அந்தத் துணுக்கை முன்பே சந்தித்த டி செல் என்னும் வகை வெள்ளணு ஒன்று குழியில் இருந்தால் உடனே விழித்துக்கொண்டு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும். சுரந்த இடத்தில் குழியின் அடியில் சாயம் ஏறி ஒரு புள்ளி விழும். ஒரு புள்ளி என்றால் ஒரு நினைவணு. எத்தனையோ ஆண்டுக்கு முன் வந்து போன, ரத்தம் கொடுத்தவருக்கே தெரியாத ஒரு தொற்றை, இப்படிப் புள்ளி புள்ளியாக எண்ணிவிட முடிகிறது. 400-க்கும் மேற்பட்ட துணுக்குகளை இவ்வாறு அடையாளம் கண்டு 2013-இல் வெளியிட்டார்கள்.

அந்தப் புள்ளிகள் காட்டியவற்றில் இரண்டு, என் வாதத்துக்கு அச்சாணி. எதிர்ப்பொருள் பிடிப்பது வைரஸின் மேலுறையை. கொல்லும் டி செல்கள் பெரும்பாலும் குறிவைத்ததோ என்எஸ்3, என்எஸ்4பி, என்எஸ்5 என்னும் உட்புரதங்களை. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்த பின், தன்னைப் படியெடுக்க அங்கேயே செய்துகொள்ளும் கருவிகள் அவை. மேலுறை வகைக்கு வகை மாறினாலும் இந்தக் கருவிகள் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே ஒரு வகையைக் கண்ட டி செல் இன்னொரு வகையையும் அடையாளம் காண வாய்ப்பு அதிகம். டி செல் வைரஸைப் பிடிப்பதே இல்லை, வைரஸ் புகுந்த செல்லைத்தான் பிடிக்கிறது. அதனால் வைரஸை உள்ளே இழுத்துவிடும் பழைய விபத்துக்கும் அங்கே இடமில்லை. இன்னொன்று மரபு சார்ந்தது. துணுக்குகளை டி செல்லுக்குக் காட்டித்தரும் எச்எல்ஏ மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும், பிறவியிலேயே அமைந்துவிடும். கடுமையான டெங்குவுக்கு எளிதில் ஆளாகாதவர்களிடம் காணப்படும் எச்எல்ஏ வகைகள் கொழும்பில் வலுவான, பலவேலை செய்யும் டி செல்களை எழுப்பின. ஆளாகிறவர்களின் வகைகள் பலவீனமான எதிர்வினையை எழுப்பின.

டி செல்லை நல்லவனாகக் காட்டுவது அவ்வளவு சுலபமா என்ற கேள்வியும் உண்டு. 2003-இல் தாய்லாந்துப் பிள்ளைகளிடம் மோங்கோல்சபாயா, ஸ்க்ரீட்டன் ஆகியோர் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. இரண்டாம் தொற்றின்போது எழுந்த டி செல்கள் இப்போதைய வகையைவிட முந்தைய வகையையே இறுகப் பிடித்தன. பழைய எதிரிக்கென்று வார்த்த படை புதிய எதிரி முன் தடுமாறி, ஆர்ப்பாட்டம் மட்டும் செய்கிறது என்று அதைப் படித்தார்கள். கொழும்பு ஆய்வும் அந்தச் சாய்வை மறைக்கவில்லை. முதலில் வந்த வகையின் பக்கம் நினைவு சாய்ந்தே இருந்தது. ஆனால் அந்தச் சாய்வால் எதிர்வினையின் அளவோ தரமோ கெட்டதாகத் தெரியவில்லை. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும், பார்த்த இடத்தை வைத்துப் பார்த்தால் முரண் கரைகிறது. ஒன்று, கடும் நோயின் நடுவே, வைரஸ் கொட்டிக் கிடக்கும் ரத்தத்தில் டி செல்லைப் பார்த்தது. தீப்பிடித்த வீட்டில் தீயணைப்பு வீரர்கள் நிறைய இருப்பார்கள். அதனால் தீ வைத்தவர்கள் அவர்கள் என்று ஆகாது. மற்றது, தீ அணைந்து நெடுநாள் ஆன பின், எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ரத்ததானம் செய்ய வருகிறவர் பிழைத்தவர். பிழைத்தவரிடம் இருப்பதெல்லாம் பிழைக்கவைத்தது என்று சொல்லிவிட முடியுமா? தர்க்கப்படி முடியாது. இங்கே மூன்றைச் சொல்லலாம். டெங்குவில் இறப்பு பதிவான நோயாளிகளிலேயே நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழே. ஆகவே இறந்தவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டதால் மட்டும் சித்திரம் பெரிதாகத் திரிந்துவிடாது. அடுத்து, எச்எல்ஏ பிறப்போடு வருவது. நோய் கடுமையாக இருந்ததால் யாருடைய எச்எல்ஏ-யும் மாறியிருக்க முடியாது. எனவே அங்கே காரணம் எது, விளைவு எது என்ற குழப்பம் குறைவு. மூன்றாவது, நேரடிச் சோதனை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் உருவாக்கிய டிவி003 என்ற தடுப்பூசியை ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் போட்டு, ஆறு மாதம் கழித்து வலுக்குறைத்த இரண்டாம் வகை வைரஸை ஏற்றிப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. தடுப்பூசி போட்ட 21 பேரில் ஒருவர் ரத்தத்திலும் அந்த வைரஸ் தென்படவில்லை. வெற்று ஊசி போட்ட 20 பேரிடமும் தென்பட்டது. அந்தத் தடுப்பூசி, இயற்கைத் தொற்றைப்போலவே, டெங்குவின் உட்புரதங்களையும் உடலுக்குக் காட்டுவது என்பதைக் கவனிக்க வேண்டும். டி செல்தான் காத்தது என்று இந்த ஒரு சோதனை நிறுவிவிடவில்லை. இயற்கை நினைவைப் பின்பற்றி அமைத்த ஊசி காத்தது என்பது வரை நிச்சயம்.

அதைப் பின்பற்றாத ஊசிக்கு என்ன நேர்ந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். டெங்வாக்சியா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடலை எடுத்து, அதன் மேல் டெங்குவின் உறையை மட்டும் போர்த்திச் செய்த ஊசி. உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாம் மஞ்சள் காய்ச்சலுடையவை. உறைக்கான எதிர்ப்பொருள் உண்டானால் போதும் என்பது அதன் பின்னிருந்த நம்பிக்கை. பிலிப்பைன்ஸ் அரசு 2016 ஏப்ரலில் பள்ளிகளில் அதைப் போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டது. 2017 நவம்பர் கடைசியில், முன்பு டெங்கு தொற்றாதவர்களுக்கு இந்த ஊசி கடும் நோயின் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று தயாரிப்பாளரான சனோஃபியே அறிவித்தது. அந்தக் கண்டுபிடிப்பு நடந்த விதம் தனியாகச் சொல்லத் தக்கது. அந்த ஊசியின் சோதனையில் கலந்துகொண்ட பெரும்பாலோரிடம் ஊசிக்கு முந்தைய ரத்தம் எடுத்து வைக்கப்படவில்லை. பதின்மூன்றாம் மாதத்து ரத்தம்தான் கையில் இருந்தது. ஊசி போட்டபின் எல்லாருக்கும் உறைக்கு எதிர்ப்பொருள் வந்துவிடும். அதை வைத்து யாருக்கு முன்பே டெங்கு இருந்தது என்று பிரிக்க வழியில்லை. அப்போது கைகொடுத்தது அந்த ஊசியின் குறையே. டெங்குவின் என்எஸ்1 என்ற புரதம் அதில் கிடையாது. எனவே ஒருவர் ரத்தத்தில் என்எஸ்1-க்கு எதிர்ப்பொருள் இருந்தால் அவர் இயற்கையாக டெங்குவைக் கண்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு தொற்றியிருந்த பிள்ளைகளிடம் மருத்துவமனைச் சேர்க்கை மூன்றில் ஒன்றாகக் குறைந்திருந்தது. தொற்றாதிருந்த பிள்ளைகளிடம் அது 1.75 மடங்காகக் கூடியிருந்தது. முன்பே நினைவு இருந்தவருக்கு அதே ஊசி இரண்டாம் தொற்றின் வேலையைத் தீங்கில்லாமல் செய்து அளவை மேலே ஏற்றிவிட்டது. நினைவே இல்லாதவருக்கு முதல் தொற்றின் வேலையைச் செய்து, நிகராகுவா கண்ட அந்த நடுத்தர அளவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இப்படித்தான் நான் அதைப் படிக்கிறேன். அதன் பின் அந்நாட்டில் தடுப்பூசி என்றாலே பெற்றோர் பின்வாங்கியதும், 2019-இல் தட்டம்மை பரவியதும் இந்தப் பிழையின் நீண்ட வால்.

இவ்வளவையும் கேட்டு ஒருவர், இயற்கை நினைவு அவ்வளவு நல்லது என்றால் கொசுவை ஏன் ஒழிக்க வேண்டும், நாலு தடவை கடிபட்டுத் தேறிவிடட்டுமே என்று கேட்கலாம். இதில் விதண்டாவாதம் மட்டும் இல்லை. சிங்கப்பூரின் அனுபவம் பின்னால் நிற்கிறது. அங்கே 1970-களிலிருந்து கொசுவை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். சுமார் பதினைந்து ஆண்டு டெங்கு அடங்கியிருந்தது. பிறகு, கொசு குறைவாக இருந்தும், 1990-களிலிருந்து நோய் எழுந்தது. நினைவில்லாமல் வளர்ந்த தலைமுறை பெரியவர்களாகி மாட்டிக்கொண்டது. இதற்கு என் பதில், அந்த நினைவுக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள் என்பது. இலங்கையில் 2009 முதல் சில ஆண்டுகள் பெரிதும் முதல் வகையே சுழன்றது. 2017-இல் இரண்டாம் வகை தலையெடுத்தபோது 1,86,101 பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள். 440 பேர் இறந்தார்கள். 2009-இல் 35,008 நோயாளிகளுக்கு 346 இறப்பு. இறப்பு விகிதம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து கால் பங்காகக் குறைந்ததற்கு நான் புகழ்வது எவர் உடலின் நினைவையும் அல்ல. நீர்ச்சத்தை மணிக்கணக்கில் அளந்து ஏற்றக் கற்றுக்கொண்ட இலங்கை மருத்துவர்களையும் செவிலியரையும். கரையேறிய பெரியவரின் ரத்தம் நமக்குப் பாடம். அந்தப் பாடத்தைப் படிக்க ஒவ்வொரு தலைமுறையையும் ஆற்றில் தள்ள வேண்டியதில்லை. சிங்கப்பூர் சொல்வது, கொசு ஒழிப்பு மட்டும் போதாது, நினைவையும் வேறு வழியில் ஊட்ட வேண்டும் என்பதுதான். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விட்டு டெங்குவை 77 விழுக்காடு குறைத்த சோதனைக்கும், நினைவில்லாமல் வளரும் தலைமுறையை என்ன செய்வது என்ற இந்தக் கேள்வி நாளை வரும்.

அந்த வேறு வழிகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. தக்கேடா நிறுவனத்தின் கியூடெங்கா தடுப்பூசி இரண்டாம் வகை டெங்குவையே உடலாகக் கொண்டது. டிவி003-இன் வழிவந்த ஒற்றைத் தவணை ஊசியைப் பிரேசிலின் புட்டான்டான் நிறுவனம் சோதித்து, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு பலன் கண்டது. அதே வித்துகளிலிருந்து பனாசியா பயோடெக் தயாரித்த ஊசியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024 ஆகஸ்டில் ரோத்தக் நகரில் தொடங்கி, 19 இடங்களில், 10,335-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான பெரியவர்களிடம் மூன்றாம் கட்டமாகச் சோதிக்கிறது. உட்புரதங்களையும் காட்டும் ஊசி என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை கூடுதல். ஆனால் அதன் முடிவு வெளியாகும்போது, மொத்தமாக ஒரே ஒரு விழுக்காட்டைச் சொல்லி மேடையை விட்டு இறங்கிவிட அனுமதிக்கக் கூடாது. நாடளாவிய கணக்கெடுப்பில் 18 முதல் 45 வயதுக்காரர்களில் 56 விழுக்காட்டினருக்கு முன்பே டெங்கு வந்து போயிருந்தது; அவர்களிடம் எந்த ஊசியும் நன்றாகவே வேலை செய்வதுபோலத் தோன்றும், டெங்வாக்சியாவும் அப்படித்தான் தோன்றியது. முன்பு தொற்றாதவர்களின் முடிவைத் தனியாக, நான்கு வகைக்கும் தனித்தனியாக, எதிர்ப்பொருளோடு டி செல்லையும் அளந்து, போதிய ஆண்டுகள் காத்திருந்து சொல்ல வேண்டும். ஊசிக்கு முந்தைய ரத்தம் ஒவ்வொருவரிடமும் எடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். ஏனென்றால் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்ததும் அடுத்து வரும் கேள்வி பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும். அதே கணக்கெடுப்பில் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் டெங்குவைக் கண்டிருந்தவர்கள் 28 விழுக்காடுதான்.